சார்ந்ததன் வண்ணம்: முதலாண்டு மாணவரும் சைவசித்தாந்தமும்

ஓர் உயிர் தான் இருக்கும் இடம் மாறும்போது தானும் மாறுகிறதா, மாறுகிறதென்றால் அம்மாற்றம் அதற்கு இழப்பா இயல்பா என்ற வினா, சைவசித்தாந்த நூல்களில் உயிரின் இலக்கணம் கூறும் பகுதிகளில் மிக நுட்பமாக ஆராயப்பட்டுள்ளது. அதே வினா, நூல்களுக்குரிய சொற்கள் எவையும் இன்றி, வடமராட்சியின் கடற்கரைப் பட்டினமான வல்வெட்டித்துறையில் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளிவரும் காலத்தில், இடம் கிடைத்த பிள்ளையின் வீட்டில் எழுகிறது. போகும் இடத்துக்கு ஏற்பப் பிள்ளை மாறிவிடுமோ என்ற அச்சமும், மாறாவிட்டால் அங்கே தாக்குப்பிடிக்குமோ என்ற அச்சமும் ஒரே தாயின் மனத்தில் ஒரே நேரத்தில் இருப்பதில் முரண் ஒன்றும் இல்லை. முதலாண்டு மாணவரின் சிக்கல் முழுவதும் அவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையில்தான் கிடக்கிறது.

இச்சிக்கலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. "போற இடத்திலையும் எங்கட பழக்கவழக்கத்தை விட்டிடாதை" என்பது வழியனுப்பும் பெரியவர்களின் சொல். "இஞ்ச வந்தால் இஞ்சத்தை முறைப்படிதான் நடக்கவேணும்" என்பது விடுதியில் எதிர்கொள்ளும் மூத்த மாணவரின் சொல். முதலாவது உயிருக்கு ஏற்கெனவே ஒரு நிறம் உண்டென்றும் அதனைக் காக்கவேண்டும் என்றும் கருதுகிறது. இரண்டாவது அந்த நிறத்தைக் கழுவிவிட்டு வேறொன்றைப் பூசவேண்டும் என்று கருதுகிறது. ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றினாலும், மாணவர் முழுதாக வனையப்பட்ட ஒரு பொருளாகவே வந்து இறங்குகிறார் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. சித்தாந்தம் ஐயுறுவது அந்தப் பொது எண்ணத்தையே ஆகும்.

முதலில் இடம் வாய்க்கும் முறையை நோக்கவேண்டும். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி, 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி எனப்படும் நியமப்படுத்தப்பட்ட மதிப்பெண்ணின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 இடங்கள் மாவட்ட ஒதுக்கீட்டின்படியும், எஞ்சிய 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன. மாணவர் விருப்ப வரிசை ஒன்றை நிரப்பிக் கொடுப்பது உண்மையாயினும், பஸ்ஸில் போய்வரக்கூடிய யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியா, மலையும் பனியும் சூழ்ந்த பேராதனையா, மொறட்டுவையா, தெற்கின் கோடியிலுள்ள உறுகுணையா என்பதை முடிவு செய்வது அவர் பெற்ற புள்ளியும், அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் பெற்ற புள்ளிகளும், அவர் படித்த பாடசாலை இருக்கும் மாவட்டமுமே. தன் முயற்சியின் பயன் தன்னை ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்கிறது, ஆனால் அந்த இடம் தான் தேர்ந்தது அன்று என்ற இந்த நிலைக்குச் சித்தாந்தத்தில் ஆயத்தமான சொற்கள் உண்டு. உயிருக்கு அதன் வினைக்கு ஏற்ப இறைவன் கூட்டுவிக்கும் நான்கினைத் தனு, கரணம், புவனம், போகம் என்பர்: தனு என்பது உடம்பு, கரணம் என்பது மனம் முதலிய கருவிகள், புவனம் என்பது வாழும் இடம், போகம் என்பது அங்கே நுகரும் இன்ப துன்பங்கள். முதலாண்டு மாணவருக்கு உடம்பும் மனமும் பழையவையாகவே இருக்க, புவனமும் போகமும் மட்டும் ஒரே வாரத்தில் மாறிவிடுகின்றன. பழைய கருவிகளைக் கொண்டு புதிய உலகத்தை நுகரவேண்டியிருப்பதே அந்த ஆண்டின் களைப்புக்குக் காரணம்.

இடம் மாறுவது சமயத்தைக் கெடுக்கும் என்ற எண்ணம் மிகப் பழையது. போதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தை ஒருவரைத் தம் நிலையிலிருந்து வீழ்த்தும் குற்றங்களில் ஒன்றாகக் கணக்கிட்டது. உணவு, நீர், தீட்டு, நாட்கடன் என்பவற்றை ஒழுங்காகக் காக்க இயலாத இடத்துக்குச் செல்பவர் தம் தருமத்தையும் காக்க இயலாது என்பது அவ்விதியின் பின்னால் உள்ள எண்ணமாக இருக்கவேண்டும். இவ்விதியை வல்வெட்டித்துறையின் வாயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் அதன் ஒருதலைத்தன்மை விளங்கும். இவ்வூரின் வாழ்வு பல தலைமுறைகளாகக் கடலைக் கடப்பதிலேயே இருந்தது. பாய்க்கப்பல்களைத் தாமே கட்டி, தண்டல் எனப்படும் கப்பல் தலைவனின் கீழ் தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் ஓட்டிச் சென்றவர்கள், திரும்பி வந்து ஈட்டிய பொருளைக் கோயில்களில் இட்டார்கள். ஊரின் சிவன் கோயிலான வைத்தீசுவரன் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் வணிகத்தால் செல்வம் பெற்ற திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளையின் பணியாக எழுந்தது. கடல் கடத்தல் பதிதமென்று ஒரு நூல் சொல்ல, கடல் கடந்த காசில் கருங்கல் திருப்பணி நடந்தது. எந்த விதியைக் கைக்கொள்வது, எதனைக் கண்டும் காணாததுபோல் விடுவது என்பதில் நெய்தல் நிலத்துச் சைவர்கள் தெளிவாகவே இருந்திருக்கிறார்கள்.

இங்கே அன்னபூரணியைக் குறிப்பிடாமல் செல்வது பொருந்தாது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இந்தப் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார்; வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். ஊரார் வாயில் அக்கப்பலின் பெயர் இன்றும் அன்னபூரணிதான். எனினும் இதனைக் கொண்டு, பெயர் மாறினாலும் உள்ளிருப்பது மாறாது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. கப்பல் மரத்தால் ஆனது, அறிவற்ற சடப்பொருள். அறிவுள்ள உயிரின் இயல்பு வேறு என்பதே சித்தாந்தத்தின் முதல் எச்சரிக்கை.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களை உடையது. அவற்றுள் ஏழாவது நூற்பா உயிரைச் சதசத்து என வரையறுக்கிறது. சத்து என்பது என்றும் மாறாத மெய்ப்பொருள், அதாவது இறை. அசத்து என்பது தோன்றி மாறி மறையும் உலகம். உயிர் இவ்விரண்டில் எதுவும் அன்று, ஆனால் எதனோடு கூடுகிறதோ அதுவாய் நின்று அதனை அறியும் தன்மையுடையது ஆகையால் அதற்குச் சதசத்து என்று பெயர். இத்தன்மையைப் பிற்கால ஆசிரியர்கள் சார்ந்ததன் வண்ணமாதல் என்ற தொடரால் குறித்தனர். அதற்கு அவர்கள் காட்டும் உவமை பளிங்கு. செம்மலரை அருகில் வைத்தால் செம்மையும் நீலமலரை வைத்தால் நீலமும் காட்டும் பளிங்கினைப் போல் உயிர் தன்னை அடுத்ததன் இயல்பைத் தன் இயல்பாகக் காட்டும். கண்ணும் ஓர் உவமை: ஒளியில் ஒளியோடு ஒன்றிக் காணும் கண், இருளில் இருளோடு ஒன்றி இருளே ஆகிவிடும்.

திருக்குறளின் 46ஆம் அதிகாரமாகிய சிற்றினஞ்சேராமையும் ஏறக்குறைய இதனையே கூறுவதாகத் தோன்றலாம். நிலத்தின் இயல்பால் நீர் திரிவதுபோல் இனத்தின் இயல்பால் அறிவு திரியும் என்பது வள்ளுவர் கருத்து. ஆனால் வள்ளுவரின் நோக்கு அறநூலாசிரியரின் நோக்கு. தீய இனத்தை விலக்கு என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. சித்தாந்தம் ஒருபடி மேலே சென்று, எந்த இனத்தையும் சாராமல் உயிர் இருக்கவே முடியாது என்கிறது. தனித்து நிற்றல் என்பது உயிருக்கு அரிய நிலை என்பதன்று, அப்படி ஒரு நிலையே இல்லை. ஆகவே "மாறாமல் இரு" என்ற அறிவுரை செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொல்கிறது. வீட்டில் இருந்த காலத்திலும் மாணவர் எதையும் சாராமல் இருக்கவில்லை. தாயின் வெள்ளிக்கிழமை விரதத்தையும், முத்துமாரி அம்மன் கோயில் வீதியையும், சித்திரைப் பூரணையில் அம்மன் தீர்த்தத்தை ஒட்டி ஊர் திரளும் இந்திரவிழாவையும், தைப்பொங்கல் நாளில் கடற்கரையில் ஏற்றும் பட்டங்களையும் சார்ந்துதான் அவர் அவராக இருந்தார். தன் நிறம் என்று அவர் எண்ணியது ஊரின் நிறம்.

சார்பு நீங்கும்போதுதான் சார்பு இருந்தது தெரியவரும். ஊரில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு ஒருவர் முடிவு செய்து உண்பதன்று. அடுப்பில் வேறொன்றும் இராது. பேராதனை விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அதே வெள்ளிக்கிழமை மீன்குழம்பும் பருப்பும் அருகருகே வைக்கப்பட்டிருக்க, எதனை எடுப்பது என்பது முதன்முறையாக ஒரு தெரிவாகிறது. ஊரில் கோயிலுக்குப் போவதற்கு ஒருவருக்குக் காரணம் வேண்டியதில்லை, போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் வேண்டும். பேராதனை வளாகத்தில் குன்றின்மேல் இருக்கும் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு ஏறுவதற்கோ ஒருவர் தாமே முடிவு செய்து எழும்பிப் போகவேண்டும். சிலர் இத்தருணத்தில் பக்தி குறைந்துவிட்டதாகத் தம்மையே நொந்துகொள்கின்றனர். உண்மையில் அதுவரை அவர்களிடம் இருந்தது ஊரின் பக்தி, தம்முடையது அன்று. முதலாண்டில் அது குறையவில்லை, தம்முடையது எவ்வளவு என்று அளந்து பார்க்கப்படுகிறது.

இவ்வளவில், புதிய இடத்தின் முறையைப் புதியவர் ஏற்பதுதானே இயல்பு என்று மூத்த மாணவர் மகிழக்கூடும். பகிடிவதை என்ற நடைமுறைக்குச் சொல்லப்படும் நியாயமும் இதுவே. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவரை மூத்த மாணவர் வதைத்துப் பணியவைக்கும் இந்த வழக்கம் இன்ன உடை, இன்ன செருப்பு, இன்ன பாதை என்ற விதிகளில் தொடங்குகிறது. மூத்தவர்களின் பெயர்களை ஊர்ப்பெயரோடு மனப்பாடம் செய்து விடுதியின் நடைவழியில் வரிசையாக நின்று ஒப்புவித்தல், கேட்ட கேள்விக்குத் தலைகுனிந்தபடி விடையிறுத்தல், இடப்பட்ட பட்டப்பெயரால் அழைக்கப்படும்போது ஏன் என்று கேளாமல் ஓடிவருதல் என்று வளர்கிறது. எங்கே முடியும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 1975ஆம் ஆண்டில் பேராதனையின் இராமநாதன் விடுதியில் மாணவி ஒருவர் வதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் வதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டு, பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், கடும் காயமோ பாலியல் துன்புறுத்தலோ விளைந்தால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்யப்பட்டது. சைவக் கல்விக்குத் தம் செல்வத்தை அளித்த சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைத் தாங்கிய விடுதியில் அந்த மாணவிக்கு அப்படி நேர்ந்தது என்பது வரலாற்றின் கொடிய தற்செயல்களில் ஒன்று.

வதைப்போர் கூறும் நியாயங்களில் ஒன்று ஆராயத் தக்கது. பணக்காரரும் ஏழையும், கொழும்புப் பாடசாலையிற் படித்தவரும் கிராமத்துப் பாடசாலையிற் படித்தவரும், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவரும் பேசக் கூசுபவரும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்கின்றனர். எல்லாரையும் ஒரே உடையில் நிறுத்தி ஒரே அவமதிப்புக்கு ஆளாக்குவதால் அந்த வேற்றுமைகள் அழிந்து சமத்துவம் பிறக்கிறது என்பது அவர்கள் வாதம். சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்கு வாள் என்று பொருள்படும் 'கடுவ' என்ற பெயர் வழங்குவதை அறிந்தவர்கள் இந்த வாதத்தின் பின்னால் உள்ள புண்ணை மறுக்க மாட்டார்கள். சாதி வேற்றுமை நீங்காத யாழ்ப்பாணச் சமூகத்திலிருந்து செல்லும் மாணவருக்கும் அந்தச் சமத்துவத்தின் கவர்ச்சி விளங்கும். ஆனால் எல்லாரையும் சமமாக்குவதற்கு ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாருக்கு மேலே நிற்கவேண்டியிருக்கிறது; அந்த மேல்நிலை, ஓராண்டு முன்பாகப் பரீட்சை எழுதினார்கள் என்பதைத் தவிர வேறெதனாலும் வந்ததன்று.

மானிடவியலில் இத்தகைய சடங்குகளைப் பற்றிய ஆய்வு பிரெஞ்சு மொழியில் எழுதிய ஆர்னல்ட் வான் கென்னப் 1909இல் வெளியிட்ட நூலோடு உருப்பெற்றது. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்பவரைப் பழைய நிலையிலிருந்து பிரித்தல், இரண்டுங்கெட்ட வாயிற்படியில் சிலகாலம் நிறுத்துதல், புதிய நிலையில் சேர்த்தல் என்ற மூன்று படிகள் உலகெங்கும் காணப்படுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. பகிடிவதையில் இம்மூன்றும் உண்டு. சைவத்தில் தீட்சையிலும் இம்மூன்றும் உண்டு. தீட்சை என்பது உயிரின் அறிவை மறைக்கும் மலத்தைக் குறைத்து ஞானத்தைத் தரும் சடங்கு. சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என அது படிப்படியாக வழங்கப்படும். சமய தீட்சையின் ஒரு கட்டத்தில், மாணாக்கரின் கண்களைத் துணியால் மறைத்து மண்டலத்தின் முன் அழைத்துவந்து, கையில் உள்ள மலரை வீசச் செய்து, அது விழும் திசையைக் கொண்டு அவருக்குப் புதிய பெயர் இடும் முறையை ஆகமப் பத்ததிகள் விரிக்கின்றன. கண் கட்டப்படுகிறது, பழைய பெயர் நீங்குகிறது, புதிய பெயர் வருகிறது. புறத்தோற்றத்தில் விடுதி நடைவழிக்கும் தீட்சை மண்டபத்துக்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது.

வேற்றுமை கொடுப்பவரிடத்தில் இருக்கிறது. தீட்சை கொடுக்கும் ஆசாரியர் முதலில் தாம் தீட்சை பெற்று அதன்படி ஒழுகுபவராக இருக்கவேண்டும். பெறுபவரிடத்தில் சத்திநிபாதம், அதாவது திருவருள் பதிந்ததற்கான பக்குவம், எந்த அளவில் உள்ளதென்று நோக்கி அதற்கேற்பவே கொடுக்கவேண்டும். சீடர் செய்யும் பாவம் குருவையும் சேரும் என்பது வழக்காதலால், கொடுத்தபின் விளைவதற்கும் அவர் பொறுப்பாளி. பகிடிவதையில் கொடுப்பவர் எதற்கும் பொறுப்பாளி அல்லர். விசாரணை வந்தால் அவர் பெயர் எவருக்கும் நினைவில் இராது. சார்ந்ததன் வண்ணமாதல் என்ற கொள்கை உண்மையாயின், பிறர் சார்ந்து நிற்கும் பொருளாகத் தன்னைக் கொண்டுபோய் வைப்பவருக்கே பெரும்பொறுப்பு உண்டு. பளிங்கின் அருகில் மலரை வைத்தவர், பளிங்கு ஏன் சிவந்தது என்று அதனைக் குற்றம் சாட்டுதல் ஆகாது.

மூப்பு என்பதும் பக்குவம் என்பதும் ஒன்றல்ல என்பதைச் சித்தாந்த மரபு தன் தோற்ற வரலாற்றிலேயே பொறித்து வைத்திருக்கிறது. மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்தவர், ஆகமங்கள் அனைத்தும் கற்றுச் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர், பின்னாளில் அருணந்தி சிவாசாரியார் எனப்பட்டார். தம் சீடரின் மகனாகிய சிறுவர் திருவெண்ணெய்நல்லூரில் பலருக்குப் போதிப்பதைக் கேள்வியுற்று, தம்மை வந்து வணங்காத சினத்தோடு அவ்விடம் சென்று, அவர் விளக்கிக்கொண்டிருந்த ஆணவமலத்தின் வடிவம் எத்தகையது என்று கேட்டார் என்றும், சிறுவர் விடையாக ஒன்றும் சொல்லாமல் கேட்டவரையே அடிமுதல் முடிவரை பார்த்தார் என்றும், நின்ற தம் நிலையே ஆணவத்தின் வடிவம் என்பதை உணர்ந்த முதியவர் அந்த இடத்திலேயே சிறுவரின் அடியில் விழுந்து மாணாக்கரானார் என்றும் மரபு கூறும். சிவஞானசித்தியார் என்ற பெருநூல் அந்த வீழ்ச்சியின் பயன். முதலாண்டு மாணவரின் முன் இறுமாந்து நின்று "நான் யார் தெரியுமா?" என்று கேட்கும் எந்த மூத்தவரும் இந்த வரலாற்றை அறிந்திருந்தால், தம் கேள்விக்கு விடை தம் தோற்றத்திலேயே இருக்கிறதா என்று ஒருகணம் ஐயுறுவார்.

ஆனால் ஐயுறுதல் எளிதன்று. இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டும், ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் காட்டாது என்பது உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் வகுத்த வேறுபாடு. வதைப்பவர் தம் செயலை ஆணவம் என்று காண்பதில்லை. மரபு என்றும், ஒற்றுமை என்றும், தம்பிமார் மீதுள்ள அக்கறை என்றும் காண்கிறார். சென்ற ஆண்டு அழுதவரே இந்த ஆண்டு அழவைப்பதற்கும் சித்தாந்தத்தில் விளக்கம் உண்டு. பளிங்கு உவமை இங்கே குறைவுபடுகிறது: மலரை எடுத்தவுடன் பளிங்கு தெளிந்துவிடும், உயிரோ அவ்வாறு தெளிவதில்லை. பெருங்காயத்தை எடுத்துவிட்ட பின்னும் பாண்டத்தில் அதன் மணம் நிற்பதுபோல், மலத்தின் பிடி தளர்ந்த பின்னும் பழக்கத்தின் வாசனை நிற்கும் என்றும் அதனை வாசனாமலம் என்பர் என்றும் நூல்கள் கூறுகின்றன. வதை நின்றுவிடும், அதன் வாசனை நிற்கும். அடுத்த அணி வந்து இறங்கும்போது அது வேலை செய்யத் தொடங்கும். அவ்வாறாயின் வதைப்பவரும் தாம் சார்ந்ததன் வண்ணமானவர்தானே, அவரைக் குற்றம் கூறுவது எங்ஙனம் என்று கேட்கலாம். உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்ற விழைவும் அறிவும் செயலும் உண்டு என்றும், மலத்தால் மறைக்கப்பட்டிருப்பினும் அவை இல்லாமற் போவதில்லை என்றும், எத்தனை சிறிதாயினும் அந்த அளவுக்கு உயிர் தன் செயலுக்குப் பொறுப்புடையது என்றும் சித்தாந்தி விடையிறுப்பார். தெரிவின் இடைவெளி குறுகியது, ஆனால் மூடப்பட்டதன்று. மீன்குழம்புக்கும் பருப்புக்கும் இடையே தெரிந்தெடுக்கத் தொடங்கிய அதே முதலாண்டில்தான் மாணவர் அந்த இடைவெளியைத் தம்முள் முதன்முதலாகக் காண்கிறார்.

இடத்துக்கு என்று நிலையான நிறம் உண்டா என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் சிங்கள மாணவரும் முஸ்லிம் மாணவரும் பெருந்தொகையாக வருகின்றனர். வல்வெட்டித்துறை மாணவர் பேராதனையில் படும் பாட்டை அங்கே மறுதலையாகப் படுபவர்கள் அவர்கள். 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விஞ்ஞான பீடத்தின் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தையும் சேர்ப்பதா என்பதில் தொடங்கிய முரண்பாடு கைகலப்பில் முடிந்தது. வரவேற்பு என்பதே புதியவருக்குச் சார்பு கொடுக்கும் செயல். எந்தச் சார்பு என்பதில் வரவேற்பவர்களுக்குள் அடிதடி நேர்ந்தால், வந்தவர் எதன் வண்ணமாவது? இரு தரப்பினரும் அந்த இடத்தின் நிறம் தமதே என்று எண்ணினர். வருபவர் ஒவ்வொருவரும் இடத்தின் நிறத்தில் சிறிதை மாற்றிவிடுகிறார் என்பதை எண்ணிப் பார்க்கும் பொறுமை அன்று இரு பக்கத்திலும் இருக்கவில்லை.

சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பா வேறொரு உவமையைத் தருகிறது. வேடர்களிடையே அகப்பட்டு அவர்களோடு வளர்ந்து தன் குலத்தை மறந்த அரசகுமாரனைப் போல, உயிர் ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்திருக்கிறது. குருவாக வந்து இறைவன் உணர்த்த, அது அவர்களை விட்டு நீங்கித் தன் முதலைச் சேர்கிறது. இங்கே குமாரன் தானாக நினைவுகூரவில்லை, ஒருவர் சொல்லவேண்டியிருந்தது. உயிர் அறிவித்தால் அறிவது என்பது சித்தாந்தத்தின் உறுதியான நிலைப்பாடு. ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் கருத்து இதற்கு எதிரானதுபோல் தோன்றும்: 1784இல் இம்மானுவேல் காண்ட், பிறர் வழிகாட்டலின்றித் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிவதே முதிர்ச்சி என்று எழுதினார், இன்றைய பல்கலைக்கழகங்கள் தம் பிரமாணமாகக் கொள்வதும் அதனையே. ஆயினும், விரிவுரையின் ஆங்கிலம் பாதியும் விளங்காமல் முதற் பருவத்தைக் கழிக்கும் மாணவருக்கு, துணிந்து தனியே அறிக என்ற கட்டளையைக் காட்டிலும், முந்திய ஆண்டின் குறிப்புக் கொப்பியைக் கொடுத்துப் பக்கத்தில் இருந்து விளக்கும் ஒரு மூத்த மாணவர் பயன்படுவார். உணர்த்தப்படுதலில் இழிவு இல்லை என்பதைச் சித்தாந்தம் காண்டைவிடத் தெளிவாகக் கண்டது. உணர்த்துபவர் எந்த இடத்தில் விலகவேண்டும் என்பதைக் காண்ட் சித்தாந்தத்தைவிடத் தெளிவாகக் கண்டிருக்கலாம்.

இந்த விலகல் பற்றிய கேள்வி சித்தாந்தத்துக்குள்ளேயே ஒரு பெரும் விவாதமாக எழுந்தது. அதன் ஒரு தரப்பில் நின்றவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்தவர். இராமநாதன் 1921இல் பரமேசுவராக் கல்லூரியை நிறுவியதும், 1974இல் அதே கட்டடங்களில் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கியதும், 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானதும் அந்தத் திருநெல்வேலியில்தான். அவ்வூரினரான ஞானப்பிரகாச முனிவர் போர்த்துக்கேயர் ஆட்சிக் காலத்தில், நாளுக்கு ஒரு வீட்டார் பசு ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை தம் முறைக்கு வந்தபோது, கொடுக்க மனமின்றி இரவோடு இரவாகக் கடல் கடந்தார் என்பது செவிவழி வரலாறு. அவர் வடநாடு சென்று வடமொழி பயின்று, சிதம்பரத்தில் தங்கி, சிவஞானசித்தியாரின் சுபக்கம் என்னும் பகுதிக்கு உரை எழுதினார். சிதம்பரத்தில் ஞானப்பிரகாசம் என்ற திருக்குளம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. முத்தியில் உயிர் அடையும் நிலை எது என்பதில் அவர் கொண்ட கருத்து சிவசமவாதம் எனப்படும்: அறிவும் ஆற்றலும் உயிருக்குத் தொடக்கத்திலேயே உரியவை, மலம் மறைத்திருந்தது, மறைப்பு நீங்கியபின் உயிர் சிவனுக்குச் சமமாய் நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் மாபாடியம் இயற்றிய சிவஞான முனிவர் இதனைக் கடுமையாக மறுத்தார். முத்தியிலும் உயிர் சிவத்தைச் சார்ந்தே சிவமாம் தன்மையை எய்துகிறது, சார்பின்றித் தனியே சமமாய் நிற்றல் அதன் இயல்புக்கு ஒவ்வாது என்றார்.

பெரும்பாலான தமிழ்ச் சித்தாந்திகள் சிவஞான முனிவர் பக்கமே நின்றனர். சார்ந்ததன் வண்ணமாதல் என்ற இலக்கணத்தோடு அவர் முடிவே நன்கு பொருந்துகிறது என்பதிலும் ஐயமில்லை. முத்தி பற்றிய விவாதத்தை விடுதி வாழ்வில் இறக்கிப் பொருத்துவது அளவு மீறியதாக எவருக்கேனும் தோன்றினால், சித்தாந்தமே அரசகுமாரனையும் வேடரையும் பெருங்காயப் பாண்டத்தையும் கொண்டுதான் முத்தியைப் பேசுகிறது என்பதை நினைக்கலாம். முதலாண்டில் சிவஞான முனிவரின் கொள்கையே மாணவருக்கு ஆறுதல் தருவது: சாராமல் நிற்க முடியவில்லையே என்று நாணவேண்டியதில்லை, எதனைச் சார்வது என்று மட்டும் பார்க்கவேண்டும். ஆனால் கற்பிப்போரையும் மூத்தோரையும் நோக்கிப் பேசும்போது ஞானப்பிரகாசரின் கொள்கைக்குத் தனி வலிமை உண்டு. வந்து நிற்கும் மாணவரிடத்தில் தமக்குச் சமமான அறிவும் ஆற்றலும் ஏற்கெனவே இருக்கின்றன, மறைப்பை நீக்குவது மட்டுமே தம் பணி என்று கொள்பவர், பட்டப்பெயர் இடமாட்டார், தலைகுனிந்து நிற்கச் சொல்லமாட்டார், நான்காண்டின் முடிவில் மாணவர் தம்மை எதிர்த்து வாதிட்டால் அதனைத் தம் பணியின் பயனாகவே கொள்வார். சிவசமவாதம் சமய நூல்களின் களத்தில் தோற்ற கொள்கை. அதனை எழுதியவர் பிறந்த மண்ணில் எழுந்த பல்கலைக்கழகம் அக்கொள்கையை முத்திக்கு இல்லாவிடினும் வகுப்பறைக்கும் விடுதிக்குமாவது எடுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.